அடுத்த தெருவில் நிறுத்து

வெள்ளிக்கிழமை விருந்துக்கு வா என்றார் ரப்பி ஹெஷி.
பொழுது சாய்ந்து விளக்கேற்றிவிட்டால்
வண்டி தொடாத வீடு அது.
அவர் இருப்பது கிளென்ஹேசலில்,
ரோமி இருப்பது பிராம்ஃபொண்டைனில்.
நடந்தால் இரண்டரை மணிநேரம்,
இருட்டில், ஜோஹன்னஸ்பர்க்கில்.
எப்படி வருவாள் என்று அவர் கேட்கவில்லை.
"அடுத்த தெருவில் இடம் இருக்கும், நிறுத்த"
என்றார், பேச்சோடு பேச்சாக.

ஓட்டிப்போனவள் நான்.
டர்பன்காரி, அறையில் பாதி வாடகை.
எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள்.
பின்னல் ரொட்டி, கண்ணாடிபோல் சூப்,
மேசையைத் தட்டிப் பாடும் ஆறு பிள்ளைகள்.
இங்கே கேட்கக்கூடாத கேள்வி கிடையாது என்றார் அவர்.
ரோமி லுங்காவைப் பற்றிச் சொன்னாள்.
"காதலுக்கு நான் யார் சட்டம் போட?"
எல்லோரும் சிரித்தோம்.

லோட் ஷெட்டிங் காலத்துப் பழக்கம்,
குளியலறை விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
சற்றுப் பொறுத்து, என்னைப் பாராமல், ரப்பி
"உள்ளே இருட்டாக இருக்கிறது" என்றார்.
ஆமாம் என்றேன்.
பிள்ளைகள் தடவிக்கொண்டே போய்வந்தார்கள்.
போட்டுவிடு என்று என்னிடம் கேட்கக்கூடாதாம்,
இருட்டு என்று சொல்லலாமாம்.
வீட்டுக்கு வரும்போது ரோமி விளக்கினாள்.

எட்டாம் மாதம் லுங்கா போனான்.
தானே எடுத்த முடிவு என்றாள்,
ரப்பியின் குரல் ஏற்ற இறக்கத்தோடு.
என் சட்டிகள் தனி அலமாரிக்குப் போயின.
கேள்விகள் இன்னும் கேட்டாள்,
விடை தெரிந்தவற்றை மட்டும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்:
"இதெல்லாம் வரும் என்று
முதல் வெள்ளியிலேயே சொல்லியிருக்கலாமே?"
கோபப்படவில்லை அவர்.
"நீச்சல் பழக்குகிறவன்
முதல்நாளே ஆழத்தைக் காட்டுவானா?"
எங்கள் கடற்கரையில்
கொடி நட்ட பிறகுதான் ஆளை இறக்குவார்கள்
என்பது எனக்கு நெடுஞ்சாலை ஏறியபிறகு தோன்றியது.
நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் காருக்குள்தான்.

நான் மட்டும் என்ன.
லெனேசியா தமிழ் வகுப்புக்கு
சினிமாப் பாட்டைக் காட்டித்தான் பிள்ளை பிடித்தேன்.
மூன்றாம் சனிக்கிழமை
இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்யை இறக்கினேன்.
பாதிப்பேர் ஓடினார்கள்.
ஓட முடிந்தது அவர்களால்,
வித்தியாசம் அதுதானோ என்னவோ.

இதையும் சொல்ல வேண்டும்:
ஜூலைக் குளிரில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது
ஐந்து நாள் காய்கறி சூப் அனுப்பியது
ரப்பியின் மனைவி ப்ரைனா.
புதுப் பானையில்.
திருப்பித் தரப் போனேன், நீயே வைத்துக்கொள் என்றாள்.
என் அடுப்பில் ஏறிய பானை
அவள் அடுப்புக்கு ஆகாது என்று
பிறகு தெரிந்தது.
சூடு குறையாத சூப் அது. இரண்டும் உண்மை.

இப்போது அவள் ரோமி இல்லை, ரோஹெல்.
கிளென்ஹேசலில் தனி வீடு, தாடி வைத்த கணவன்.
வியாழக்கிழமை கூப்பிட்டாள்:
"நாளை விருந்துக்கு வா.
புதிதாக ஒரு பெண் வருகிறாள்,
முதலாண்டு மருத்துவம், பாவம், தனியாக இருக்கிறாள்.
அடுத்த தெருவில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்."
கொஞ்சம் இடைவெளி விட்டு,
"நீ வாசலிலேயே நிறுத்தலாம்,
உனக்குப் பரவாயில்லை."

அடுத்த தெருவிலேயே நிறுத்தினேன்.
ஜாகரண்டா மரத்தடியில்
சிவப்பு வண்டியைப் பூட்டிவிட்டு
ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.
"நீங்களும் அங்கேதானா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது,
அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு.
"இருட்டாக இருக்கிறது" என்றேன்.
கைபேசியில் வெளிச்சம் போட்டுக்
காலடியில் பிடித்துக்கொண்டு வந்தாள்.