தொண்ணூற்றொன்பது கண்ணி

சித்தூர் ஆவண அறையில்
மஸ்தான் தெலுங்கை முணுமுணுத்து வாசித்து
தன் தமிழில் சொல்கிறார்:
"எல்லப்ப. அப்பா பேரு பூச்சி தின்னுட்டுது.
சர்வே சங்கிலியாளு. மாசம் ஏழு ரூபா.
நகரி முகாம். பங்குனி."

இத்தனை வருஷம் எங்கள் வீட்டில்
என் பூட்டன் மூன்று விதமாகச் செத்திருந்தார்.
நாகபூஷணம் அத்தைக்குப் பாம்பு.
பெரியப்பாவுக்குப் புத்தூர்க்காரி ஒருத்தி.
அப்பா மட்டும்
"அந்தாளு பேச்சை எடுக்காத" என்பார்.
அதையும் ஒரு சாவாகக் கணக்கில் வைத்திருந்தோம்.

நான் வந்தது வாரிசுச் சான்றிதழுக்கு.
ஏரி ஓரம் பதினோரு சென்ட்,
அடங்கலில் இன்னும் அவர் பெயர்.
எடைமேடையில் லாரிக்கு ரசீது கிழிப்பவன்,
எனக்கு அரை நாள்தான் லீவு.

மஸ்தான் தாளைப் புரட்டினார்.
"சங்கிலியைச் சோதித்ததில்
நூறு கண்ணிக்கு ஒன்று குறைவு.
விட்ட இடத்தை வளைத்து முறுக்கியிருக்கிறது.
ஆளைக் கேட்டோம். பதில் இல்லை.
மறுபடி கேட்டோம். பதில் இல்லை.
வேலை நீக்கம்.
கண்ணியின் விலை மூன்றணா
கூலியில் பிடித்தம்."

ஒரு கண்ணி எவ்வளவு இருக்கும் என்றேன்.
கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டி
கொஞ்சம் சுருக்கினார்.
சாணுக்கு ஒரு விரல் குறைய இரும்புக் கம்பி,
ரெண்டு பக்கமும் வளையம்.

வளையம் என்றதும்
மேசை, மின்விசிறி, மஸ்தான்
எல்லாம் தள்ளிப் போயின.

தாத்தா பொன்னுரங்கத்தைக்
கடைசியாகக் குளிப்பாட்டியவன் நான்.
தொப்புளுக்கு இடப்புறம் ஒரு கோடு,
கோட்டின் முனையில் ஒரு சுழி.
ஊற்றிய தண்ணீர்
அந்தச் சுழியில் கொஞ்சம் நின்றுதான் வழிந்தது.
"வலிப்புக்குச் சூடு வெச்சது" என்றாள் அத்தை.
"கைக்குழந்தையில, ஏதோ கூடாரத்துல.
யாரு வெச்சாங்களோ."

நகரி மூக்கு மலை கறுத்துக் கிடக்க,
வில்லாய் விறைத்த பிள்ளை.
வைத்தியன் அடுத்த ஊரில். அடுப்பில் நெருப்பு.
கையில் இரும்பென்று இருந்தது
சர்க்கார் இரும்பு மட்டும்.
வளையத்தை நெம்பிக் கழற்றியிருப்பார்.
திரும்ப ஏன் மாட்டவில்லை?
வெந்த கம்பி நீண்டுபோகும் என்றா,
தோல் ஒட்டியிருந்ததென்றா?
கேட்டவர்களுக்கு ஏன் சொல்லவில்லை?
வேலை போனபின் ஏன் வீட்டுக்கு வரவில்லை?

இதெல்லாம் நான் பின்னியது.
தேதி பொருந்துகிறது.
தேதி எதற்கும் பொருந்தும்.

ஆனால் அந்தச் சங்கிலி
சோதனைக்கு முன் எத்தனை நாள் ஓடியதோ,
அத்தனை வயலும் தாளில் கொஞ்சம் பெரிது.
தொண்ணூற்றொன்பதை நூறென்று எண்ணி
இல்லாத மண்ணுக்குத் தீர்வை கட்டியிருப்பார்கள்,
யார் யாரோ, ஒரு பிள்ளை பிழைத்ததற்கு.
எங்கள் பதினோரு சென்டும் அன்று அளந்ததென்றால்
கால் சென்ட் அளவு பொய்.

விண்ணப்பத்தில் 'இறந்த தேதி' என்று ஒரு கட்டம்.
பங்குனி என்று எழுதி
அடித்துவிட்டேன்.
நகலுக்குப் பக்கம் ரெண்டு ரூபாய்.

ராத்திரி மோட்டார் கொட்டகையில் அப்பாவிடம் சொன்னேன்.
வெள்ளி முளைக்கும்வரை கரண்ட் இருக்கும் என்றார்.
மடையைத் திருப்பிவிட்டார்.
அந்தாளு பேச்சை எடுக்காத என்று சொல்வார் எனக்
காத்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து இருட்டிலிருந்து,
"எவ்ளோ புடிச்சாங்க?"

மூணணா என்றேன்.

"மூணணா" என்றார்,
தன் சட்டைப் பையைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டு.