கம்பம் 412

கஜானிக்கு வடக்கே, மின்கம்பிகளுக்குக் கீழே
புதர் வெட்டும் வேலை எங்களுக்கு.
ஆகஸ்ட் மாதம். கொசு.
இடுப்பளவு காட்டு ராஸ்பெரி,
கையுறையெல்லாம் சிவப்பு.

நானூற்றுப் பன்னிரண்டாம் கம்பத்தருகே
ஒரு புதர் மட்டும் வெளிறி நின்றது.
“காய்” என்றான் தௌனோ.
தள்ளிப் போனோம்.

திங்களன்று பார்த்தேன்: அதே வெளிறல்.
வியாழனன்றும்.
சுற்றியிருந்த சிவப்பையெல்லாம் பறவைகள் தீர்த்திருக்க
இதை ஓர் அலகும் தொடவில்லை.
அவையும் கண்ணை நம்பித்தான் பசியாறுகின்றன போலும்.

நோயோ என்று இலையைத் திருப்பினேன்.
புறங்கை பட்டதற்கே
வெண்முனையைக் காம்பில் விட்டுவிட்டு
கழன்று விழுந்தது ஒன்று,
குல்லாய் போல் உள்ளே வெறுமையாய்.
காய் இப்படிக் கழலாது.

மஞ்சள் என்றும் சொல்ல முடியாது.
மெழுகு உருகுகையில்
திரியை ஒட்டித் தெரியுமே, அந்த நிறம்.
இனிப்பு,
எனக்கு வெட்கம் வருமளவு.
எத்தனை நாளாய்ப் பழுத்துக் கிடந்ததோ
பழுக்கட்டும் என்று நான் காத்திருக்க.

வெள்ளிக்கிழமை அறிக்கையில் எழுதினேன்:
‘கம்பம் 412. பாறை. இயந்திரம் போகாது.’

அங்கே பாறை இல்லை.
தௌனோவுக்கும் தெரியும்.
வாயைத் துடைத்துக்கொண்டே
கையெழுத்துப் போட்டான்.
விரலில் கறை தேடினேன்.
இந்தப் பழம் கறை விடாது.