நானூற்று மூன்று நானோமீட்டர்

காலை ஆறுக்கே முப்பத்தெட்டு டிகிரி.
ஷொஃபிகுல் தோட்டத்திலிருந்து வருகிறான்
தோளில் கலாஸ் பேரீச்சையின் ஓலை,
முழங்கையில் முள் கிழித்துக் காய்ந்த கோடு.
பழம் பழுத்துக் கிடக்க
இலையைக் கேட்கிற ஒரே ஆள் நீதான் என்கிறான்
பாதி இந்தியில்.

ஐம்பது கிராம் நிறுக்கிறேன்.
பனிக்கட்டி. பாஸ்பேட் கரைசல். அரைப்பான் அலறுகிறது.
நாலாய் மடித்த மெல்லிய துணியில் பிழிகிறேன்.
கைசரிய்யா சந்தையில் அந்தத் துணியை வாங்கும்போது
தயிர் வடிக்கவா என்று கடைக்காரர் கேட்டார்,
ஆமாம் என்றேன்.
பெராக்சிடேஸ் என்று சொல்லியிருந்தால்
விலை ஏறியிருக்கும்.

அம்மோனியம் சல்பேட்டை ஒரேயடியாகக் கொட்டக்கூடாது.
சிட்டிகை. கலக்கு. காத்திரு. மறுபடி சிட்டிகை.
தண்ணீரை உப்பு தன் பக்கம் இழுத்துக்கொள்ள
நிற்க இடமில்லாத புரதங்கள்
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
அடியில் உட்காருகின்றன.
அப்புறம் ஓர் இரவு முழுக்க
சவ்வுப் பைக்குள் அவை மிதக்க,
வந்த உப்பு வந்த வழியே போகும்.

கண்ணாடிக் குழலிலிருந்து சொட்டுச் சொட்டாய்
எண்பது குழாய்கள்.
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குவையக்கால், துளி பெராக்சைடு.
முப்பது வரை ஒன்றுமில்லை.
முப்பத்தொன்றில் ஒரு சந்தேகம்.
முப்பத்துநான்கில்
செங்கல் நிறம், கையை எடுக்குமுன்.
நிறமானியில் நானூற்று மூன்றில் ஒரு முகடு:
நடுவில் இரும்பை வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் நிர்வாகக் கட்டடத்துக்கு மட்டும்.
சனிக்கிழமை குளிர் அறையைத் திறந்தால்
அடுப்படி வாடை, நாற்பத்துமூன்று டிகிரி.
ஆறு வாரம் போச்சு என்று
தரையிலேயே உட்கார்ந்தேன்.
பிறகு, கொட்டுவதற்கு முன் சும்மா,
ஒரு துளி குவையக்கால்.

செங்கல்.

டாக்டர் பத்ரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
விபத்தைக் கட்டுரையில் எழுத முடியாது,
சரியாகச் செய், என்றார்.
செய்தேன். எழுபது டிகிரி நீர்த்தொட்டி, ஒரு மணி நேரம்:
எண்பத்தொன்பது விழுக்காடு மிச்சம்.
இருமுறை அல்ல, ஐந்து முறை.

அட்டவணையின் கடைசி வரி:
தூய்மை நாற்பத்தாறு மடங்கு,
கைக்கு வந்தது ஒன்பது விழுக்காடு.
நம்ம சம்பளம் மாதிரியே என்று
விடுதியில் பிளாரன்சு சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மீதித் தொண்ணூற்றொன்று எங்கே போனதென்று
எனக்குத் தெரியும்:
இவ்வளவு வண்டலில், இவ்வளவு கழுவிய நீரில்,
ஒரு பங்கு என் அவசரத்தில், தொட்டியில்.
சம்பளத்துக்கு அப்படி ஓர் அட்டவணையை
இங்கே யாரும் போட்டுத் தந்ததில்லை.

ஷொஃபிகுலுக்குச் சர்க்கரை.
விரலைக் குத்தி நிறம் பார்க்கிற பட்டைகளை
பம்பு அறையில், தகரக் கூரையடியில் வைத்திருக்கிறான்.
மே மாதத்திலிருந்து அவை
அவனுக்கு ஒன்றுமே இல்லை என்கின்றன.
அவனும் நம்பி
மத்தியானம் ஒரு கை பேரீச்சை தின்கிறான்.
அந்தப் பட்டையில் நிறம் காட்டுவது
இந்தப் பெராக்சிடேஸின் ஒன்றுவிட்ட உறவு,
குளிர்நாட்டுக் காரமுள்ளங்கியின் வேரிலிருந்து வந்தது;
தகரக் கூரையை அதற்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

பட்டைகளை வாங்கிக் குப்பையில் போட்டேன்.
திட்டினான். காசு கொடுத்து வாங்கியதாம்.
புதுப் பெட்டியை எங்கள் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன்,
அவன் பெயர் எழுதி, விதிக்குப் புறம்பாக.
காலையில் இருநூற்று அறுபது காட்டியது.

உன் ஓலைச் சாறு பட்டையாக எத்தனை நாளாகும் என்றான்.
நாள் இல்லை, வருஷம்;
ஆகாமலும் போகலாம்.

முப்பத்துநான்காம் குழாயை
சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
சாயா மாதிரி இருக்கு.
குடிச்சுடாதே என்றேன்.
அமிலத்தன்மை வரிசை இன்னும் காலி.
ஐந்தரையிலிருந்து தொடங்குகிறேன்.