சக்கை

கட்டபெட்டுக்கு முந்தின திருப்பத்தில்
பச்சை கேட் போட்ட பங்களா.
அங்கே யாரிடமும்
'சாப்பிட்டாச்சா' என்று கேட்கக் கூடாது.
வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்ன
ஒரே விதி.
முதல் வாரம் முழுக்க
நாக்கைக் கடித்துக்கொண்டே திரிந்தேன்.

விடிகாலை நாலரைக்கு மிஷின் ஓடும்.
கேரட் ஒரு மூட்டை, பீட்ரூட் அரை,
தோலோடு ஆப்பிள், கொஞ்சம் இஞ்சி.
ஆளுக்குப் பதின்மூன்று டம்ளர், மணிக்கு ஒன்று.
சாறு மாடிக்குப் போகும்.
சக்கை பின்பக்கக் குழிக்கு.
இருட்டினதும் தேயிலைக்குள்ளிருந்து
ஒரு காட்டெருமை இறங்கி வரும்,
வலது கொம்பு முனை உடைந்தது.
குழியில் முகத்தைப் புதைத்து
அவசரமே இல்லாமல் தின்னும்.

பர்வீன் வந்தது ஆனி மாசம்.
திருப்பூரில் ஓவர்லாக் தைக்கிறவள்,
முப்பத்தெட்டு வயசு.
மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி.
எடுத்துவிட்டு மருந்து ஏற்றினால்
குணமாக நிறைய வாய்ப்பு என்று
கோயம்புத்தூரில் சொல்லியிருந்தார்கள்.
"கத்தின்னா பயம் அக்கா," என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, "முடிக்கும்தான்."

நாற்பத்திரண்டு நாள் சாறு மட்டும்,
கட்டி பட்டினியில் செத்துப்போகும் என்றார் ஐயா.
ஐயா அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸில் இருந்தவர்.
வளையலை அடகு வைத்துக் கட்டினாள்.

எடை பார்ப்பது கேரட் தராசில்தான்.
வந்த அன்று ஐம்பத்திரண்டு.
இரண்டாம் வாரம் நாற்பத்தாறு.
இறங்கின ஒவ்வொரு கிலோவுக்கும் பக்கத்தில்
'நச்சு' என்று நோட்டில் எழுதினார்.
உள்ளங்கை ஆரஞ்சாகிவிட்டது.
"மருதாணி வைக்காமலே பிடிச்சிருக்கு பாருங்க"
என்று நீட்டினாள். சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம்
என் தூக்குப்போசியைத் திறக்கையில்
பின்வாசலில் வந்து நின்றாள்.
பழைய சோறு, சுட்ட கருவாடு.
"வாசம் மட்டும் பிடிச்சுக்கிறேன்."
ஒரு வாய் கொடுத்திருக்கலாம்.
கூலி நானூற்றைம்பது.
மூடியை மூடினேன்.

இருபத்தாறில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது.
கழிவு இறங்குது, நல்லதுதான் என்றார்.
இருபத்தெட்டில் என்னை ஷமீம் என்று கூப்பிட்டாள்,
அது அவள் தங்கை பெயராம்.
போர்வை ஓரத்தில் விரல்கள்
இல்லாத துணியைத் தைத்துக்கொண்டிருந்தன,
மடித்து, நகர்த்தி, மடித்து.
இன்னொரு டம்ளர் கொண்டுவரச் சொன்னார் ஐயா.
சமையலறைக்குப் போய்
நூற்றியெட்டைக் கூப்பிட்டேன்.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக்
கீழே அனுப்பினார்கள்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
அவள் தலை என் மடியில்
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
"ரத்தத்துல உப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு.
இதயத்துடிப்பும் தப்புது," என்றாள் சின்னப் பெண் டாக்டர்.
உப்பா? சோத்துக்குப் போடுற உப்பா?
"அதேதான்."
கட்டி?
"அது பட்டினி கிடக்காதும்மா.
இவங்களையே எடுத்துத் தின்னுக்கும்."
அக்குளிலும் ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது.
மருந்து ஏற்றவே உடம்பில் தெம்பு வேண்டும்,
முதலில் சாப்பாடு.
அதுவும் ஒரேயடியாகக் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து,
ஸ்பூன் ஸ்பூனாக, ரத்தம் பார்த்துப் பார்த்து.

இப்போது நான் கேரட் கழுவுகிற மிஷினில்.
கழுவின மூட்டையில் மூன்று
இன்னும் பச்சை கேட்டுக்குத்தான் போகிறது.
லோடு ஏற்றுகிற பையன் சொன்னான்,
காட்டெருமை இப்போது பகலிலேயே வருகிறதாம்,
முதுகு பளபளவென்று.

ஐப்பசி மழையில் ஒருநாள் போன் வந்தது.
"நாற்பத்தொன்றரை அக்கா.
முடியெல்லாம் போயிருச்சு."
சாப்பிட்டியா?
"ரெண்டு இட்லி. ஒண்ணு வாந்தியாயிருச்சு."
அப்போ ஒண்ணு நின்னிருக்குல்ல, என்றேன்.