நூற்றுக்கு எண்பத்தேழு

எல் ஆல்ட்டோவில், காலை ஏழு மணிக்கு,
ஆய்வகம் என்று நாங்கள் அழைக்கும் அறையில்
ஒரே ஒரு எரிவாயு அடுப்பு.
பதினோரு வெப்பமானிகளில் நான்கு உடைந்தவை.
ஜன்னலில் வைனா பொத்தோசி மலை,
பனி மூடி, பாடத்தில் கலந்துகொள்ளாமல்.

வாராவின் நோட்டில் எண்பத்தேழு என்றிருந்தது.
சிவப்பால் வட்டமிட்டேன்.
பக்கத்தில் நூறு என்று எழுதினேன்,
ஏழு வருடமாக எழுதிவரும் அதே கையால்.
மற்ற முப்பத்திரண்டு பேரும் நூறு என்றே எழுதியிருந்தார்கள்.
அவர்களில் வெப்பமானியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்
என்று நான் கேட்டதில்லை.
புத்தகத்தைப் பார்த்தார்கள். அது போதுமாக இருந்தது,
எனக்கும்.

மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.
அழிக்கவில்லை. அழவும் இல்லை.
"டீச்சர், நீங்கள் திருத்தியது
என் தண்ணீரையா, என் கண்ணையா?"

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சுட்டது.
சரி, வை அடுப்பில் என்றேன்,
அவளைத் தோற்கடிக்கத்தான். இப்போது சொல்லலாம் அதை.

குமிழ்கள் வந்தன. சிவப்புக் கோடு ஏறியது.
எண்பத்தேழில் நின்றது,
சுங்கச்சாவடியில் நிற்கும் லாரி போல.

"வெப்பமானி கெட்டுவிட்டது," என்றான் லிம்பெர்.
அப்படியானால் ஏழும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும்,
என்றது பின்வரிசை.
ஏழையும் உருகும் பனிக்கட்டியில் நட்டார்கள்.
ஏழும் பூஜ்யம் காட்டின.
"தீ போதவில்லை." திருகைத் திருப்பினார்கள்.
தண்ணீர் துள்ளியது, வழிந்தது, அடுப்பை அணைத்தது;
எண் மட்டும் அசையவில்லை.
"குழாய்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது."
ஒருவன் ஓடிப்போய் பாட்டில் தண்ணீர் வாங்கி வந்தான்.
அந்தக் காசை இன்னும் நான் கொடுக்கவில்லை.
எண்பத்தேழு.

நான் வாய் திறக்கவில்லை.
பெருந்தன்மை அல்ல.
பயிற்சிக் கல்லூரியில் ஒரு பத்தி படித்திருக்கிறேன்:
உயரம், அழுத்தம், கொதிநிலை.
தேர்வு முடிந்ததும் எங்கோ மடித்து வைத்துவிட்டேன்.
வீட்டில் மொச்சை வேக அரை நாள் ஆகும்போதுகூட
அதை எடுத்துப் பார்த்ததில்லை.

அப்போது யோசெலின், வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிறவள்,
பையிலிருந்து ஒரு சிப்ஸ் பொட்டலத்தை எடுத்தாள்.
"கீழேயிருந்து லாரியில் வரும்போது இதெல்லாம்
வெடிக்கப் போகிற மாதிரி உப்பியிருக்கும்.
அம்மா கடையில் நான்தான் அடுக்குகிறேன்.
உள்ளே இருப்பது கீழ்க் காற்று.
அதை அமுக்கிப் பிடிக்க
நம் காற்றுக்குப் பலம் இல்லை.
தண்ணீரையும் அப்படித்தானோ..."
முடிக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.
யாரும் கைதட்டவில்லை. லிம்பெர் நகத்தைக் கடித்தான்.

"அப்படியானால் கீழே போகப் போக எண் ஏற வேண்டும்.
ஏறாவிட்டால் நீ சொன்னது தப்பு."
அவன் அப்பா கரனாவிக்கு வாழைத்தார் ஏற்றப் போகிறவர்.
ஒரு வெப்பமானி, சாக்ஸுக்குள் சுருட்டப்பட்டு,
லாரியின் முன்கண்ணாடியில் கன்னி மரியாள் படத்துக்குப் பக்கத்தில்
மலை இறங்கியது.

நான்கு நாள் கழித்து ஒரு அட்டைத் துண்டு வந்தது,
எண்ணெய்க் கறையோடு: தொண்ணூற்றெட்டு.

ஒரே கூச்சல். யோசெலினை யாரோ தூக்கினார்கள்.
லிம்பெர் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ஒரு தடவைதானே அளந்திருக்கிறார்?
அதுவும் தகர டப்பாவில். குமிழ் அடியில் பட்டிருக்கலாம்.
மறுபடி அனுப்புவோம்."
சொந்த அப்பாவையே சந்தேகித்த பெருமை அவன் முகத்தில்.

அன்று மாலை கேபிள் கார் நிலையத்தில்
வரிசையை ஒழுங்குசெய்துகொண்டிருந்தாள் ஆபிகாயில்,
என் பழைய மாணவி, நூற்றுக்கு நூறு வாங்கியவள்.
தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டேன்.
"நூறு, டீச்சர்!" ஒரு நொடி தாமதமில்லை.
அவளுக்குப் பின்னால் தேநீர் விற்பவளின் கெட்டில்
எண்பத்தேழில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
நான் ஏறிப் போய்விட்டேன்.

வாராவின் நோட்டில் சிவப்பு வட்டம் அப்படியே இருக்கிறது.
அழிக்க வேண்டாம், பக்கத்தில் தேதி மட்டும் போடுங்கள் என்றாள்.
போட்டேன்.
பிறகு கேட்டாள்:
"நவம்பரில் அமைச்சகத் தேர்வு.
நான்கு விடை கொடுப்பார்கள். அதில் எண்பத்தேழு இருக்காது.
நான் எதில் டிக் போடட்டும்?"

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.