செவ்வாய்க் கட்டம்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை.
வருகைப் பதிவேடு என் கையில்.

திங்களன்று எல்லாரும் வருவார்கள்.
செவ்வாயில்தான்
பற்றவைக்கும் வரிசையில் மட்டும்
சிவப்பு மை விழும்:
பூங்காவனம், தனசீலன், மறுபடி பூங்காவனம்.

"ஞாயித்துக்கிழமை போதை" என்பார் முதலாளி.
பூங்காவனம் டீகூடக் குடிப்பதில்லை.

வீட்டுக்கே போய்க் கேட்டேன்.
திங்கள் ராத்திரி நடுக்கம்,
நாக்கில் பித்தளை ருசி,
விடிந்தால் காய்ச்சல் இறங்கிவிடும்,
அடித்துப் போட்ட வலி மட்டும் பாக்கி.
"வியாழனுக்குள்ள பழகிடுது சார்,
ஞாயிறு லீவுல ஒடம்பு மறந்துடுது."

மறுநாள் அவள் மேசையில்
ஓர் ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன்.
புகை எழுந்தது,
அவள் மூக்கருகே கொஞ்சம் யோசித்தது,
பிறகுதான்
அவள் பின்மண்டைக்கு மேல் சுழலும்
எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் போனது.

முகக்கவசம் வாங்கித் தருகிறேன் என்றார் முதலாளி.
ஊதுபத்தியைக் காட்டினேன்.
அது சாம்பலாகும் வரை
இருவரும் பேசவில்லை.

ஃபேன் இப்போது அவளுக்கு எதிரே,
நெருப்பிலிருந்து ஒரு சாண்.
பற்றுப்பொடியில் என்ன கலக்கிறீர்கள் என்று
கடைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்;
பதில் இல்லை.

இன்று செவ்வாய்.
பூங்காவனத்துக்கு நேரே கறுப்பு மை.
தனசீலன் கட்டம் இன்னும் காலி.
மணி ஒன்பதரை.
சிவப்புப் பேனாவை
மூடியே வைத்திருக்கிறேன்.