பதினேழாவது பெயர்

பாலக்கோட்டில் பஸ் நிற்கும் முன்பே தக்காளி நாற்றம்.
கிலோ நான்கு ரூபாய்.
பறித்த கூலிக்கே கட்டாதென்று
டிராக்டரோடு ஏரிக்கரையில் கவிழ்த்திருந்தார்கள்.
மாடுகள்கூட ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை.

என் டேப்லெட்டில் முப்பது பெயர்.
போன வருஷம் பதின்மூன்று நாள்
ஜாம், சாஸ், தொக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து
குரூப் போட்டோ எடுத்து
தொழில்முனைவோர் என்று அனுப்பிவைத்தவர்கள்.
தொழில் தொடங்கினீர்களா?
ஆம். இல்லை.
மூன்றாவது கட்டம் கிடையாது.

மாரண்டஅள்ளி சென்னம்மா சொன்னாள்:
"ஜாம் செஞ்சேன், புள்ளைங்க தின்னுதுங்க,
ஆமான்னே போட்டுக்கோ."
திம்மராயன் பெங்களூரில் செக்யூரிட்டி.
பூட்டிய வீட்டு ஜன்னல் வழியே
சான்றிதழ் தெரிந்தது, லேமினேஷன் மினுங்க,
அதன்மேல் ஒரு பல்லி.
கடனுக்குப் போன மூன்று பேரிடமும்
பேங்க்கில் ஜாமீன் கேட்டார்களாம்.
"ஜாம் இருக்கு சார், மீன்தான் இல்லைன்னேன்.
மேனேஜருக்குச் சிரிப்பே வரலை."

குலுக்கலில் பெயர் விழாத நசீமா
அதே தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள்,
இரண்டு கிரைண்டர், வாசலில் வரிசை.
அவள் என் பட்டியலில் இல்லை.

வெள்ளிச்சந்தை முனிலட்சுமி
இல்லை என்று உடனே சொன்னாள்.
பிறகு உள்ளே போய் ஒரு நோட்டு கொண்டுவந்தாள்.
வரவு இடது, செலவு வலது.
நடுவே ஒன்பதாம் நாள் வகுப்பில் போட்ட அதே கோடு.
பெட்டிக்கு இரண்டு கிலோ
கழிவு என்று மண்டியில் எடுத்ததெல்லாம்
ஆறு மாதம், தேதி வாரியாக.
கூட்டிப் பார்த்த மறுநாள்
தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றாளாம்,
ஒன்றும் பேசவில்லையாம், நோட்டு மட்டும் கையில்.
இப்போது ஒரு கிலோதான் கழிக்கிறார்கள்.
"இது தொழில்ல வருமா?"
எனக்குத் தெரியவில்லை.
இல்லை என்பதைத் தொட்டேன்.
திரை அடுத்த பெயருக்குத் தாவியது.

பதினேழாவது பெயர் என்னுடையது.
போட்டோவில் கடைசி வரிசை, பாதி முகம்.
இந்தக் கணக்கெடுப்பு நாளுக்கு எழுநூறு ரூபாய்,
மார்ச்சோடு முடிகிறது.
பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து
என்னையே கேட்டுக்கொண்டேன்.
ஆம் என்றால்
தொழில் நடக்கும் இடத்தின் புகைப்படம் கேட்கிறது.
இல்லை என்றால் காரணம்,
ஐம்பது எழுத்துக்குள்.
பெஞ்சைப் படமெடுத்தேன்.
அழித்தேன்.
தர்மபுரி வண்டி வந்துவிட்டது.
பிறகு நிரப்பலாம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது,
அதை அழுத்திவிட்டு ஏறினேன்.